பழைய பிரிட்டிஷ் காசுகள்: அடையாளம் காண்பது, தரம் பார்ப்பது, வாங்குவது – வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

பழைய பிரிட்டிஷ் காசு வாங்க ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் ஒரு காசை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் அது என்ன காசு என்று தேடுகிறார்கள், அதன் தரம் என்ன என்பது விற்கப் போகும்போதுதான் தெரியவருகிறது. பணம் போவது இந்த வரிசைக் குழப்பத்தில்தான். எந்தக் காசு என்று தெரிந்து, தரத்தை நீங்களே சொல்லத் தெரிந்து, அதற்குப் பிறகு விலையைப் பார்த்தால் பாதி ஏமாற்றங்கள் தானாகவே விலகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் விக்டோரியா காலம் தொடங்கி 1971 பிப்ரவரி 15 அன்று தசம முறை வந்தது வரையிலான பிரிட்டன் நாட்டுக் காசுகளுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய், பிரிட்டிஷ் இந்தியக் காலணா எல்லாம் தனித் துறை, அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.

1. பணக் கணக்கும் காசின் அளவும் முதலில்

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கால் பென்னிக்கு ஃபார்த்திங் என்று பெயர், இரண்டு ஷில்லிங்குக்கு ஃப்ளோரின், இரண்டரை ஷில்லிங்குக்கு அரை கிரவுன், ஐந்து ஷில்லிங்குக்கு கிரவுன். தங்கத்தில் பத்து ஷில்லிங் அரை சவரன், ஒரு பவுண்டு சவரன்.

இதை ஏன் முதலில் படிக்கச் சொல்கிறேன் என்றால், பல காசுகளில் மதிப்பே எழுதப்பட்டிருக்காது. விக்டோரியாவின் இளம் தலை (இளவயது முகம்) கொண்ட அரை கிரவுனில் ராணியின் பெயர், பட்டங்கள், கேடயம், ஆண்டு எல்லாம் இருக்கும், எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. 1887 முதல் 1890 வரை வந்த இரட்டை ஃப்ளோரினிலும் மதிப்பு இல்லை. அது நாலு ஷில்லிங் காசு, 36 மில்லிமீட்டர், 22.6 கிராம். கிரவுன் 38.6 மில்லிமீட்டர், 28.28 கிராம். படத்தை மட்டும் பார்த்து இரட்டை ஃப்ளோரினைக் கிரவுன் என்று வாங்குவது இன்றும் நடக்கிறது.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எடைகள் சில. ஷில்லிங் 5.66 கிராம், ஃப்ளோரின் 11.31, அரை கிரவுன் 14.14, சிக்ஸ்பென்ஸ் (ஆறு பென்னிக் காசு) 2.83. 1860க்குப் பிறகு வந்த வெண்கலப் பென்னி சுமார் 9.4 கிராம், அகலம் 30.8 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய செம்புப் பென்னி அதைப்போல இரண்டு மடங்கு, சுமார் 18.8 கிராம். சவரன் 7.98 கிராம், அரை சவரன் 3.99.

2. எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

"எல்லாப் பழைய காசும் சேர்க்கிறேன்" என்று தொடங்கினால் எதிலும் கண் பழகாது. தரம் பார்ப்பது என்பது ஒரே வகைக் காசைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருவது. இன்றைக்கு ஒரு ஷில்லிங், நாளைக்கு ஒரு ஃபார்த்திங் என்று போனால் எது தேய்மானம், எது அந்தக் காசின் இயல்பு என்று பிரித்துப் பார்க்க வராது.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஐந்தாம் ஜார்ஜ் பென்னி, 1911 முதல் 1936 வரை. பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, அதனால் குறைந்த செலவில் நிறையக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 1923, 1924, 1925 ஆண்டுகளில் பென்னி அடிக்கவே இல்லை, ஆகவே பட்டியல் முடிவில்லாமல் நீளாது. 1933 பென்னியை மறந்துவிடுங்கள், அது பத்துக்கும் குறைவாக அடிக்கப்பட்டது. அதைத் தவிர்த்து இந்த வரிசையை முடிக்கச் சாதாரண வருமானம் போதும், ஆனால் நல்ல தரத்தில் முடிக்கப் பொறுமை வேண்டும்.

வெள்ளிதான் பிடிக்கும் என்றால் வகைக்கு ஒன்று என்ற முறையில் போகலாம். விக்டோரியாவின் மூன்று தலைகள், ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று ஆளுக்கொரு ஷில்லிங். ஆண்டு எதுவாக இருந்தாலும் சரி என்பதால் ஒவ்வொன்றையும் நல்ல தரத்தில் வாங்க உங்களுக்கு இடம் கிடைக்கும்.

3. காசு வாங்கும் முன் கருவி வாங்குங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. அகலம் அளக்க டிஜிட்டல் காலிப்பர். கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு, ஒற்றை பல்பு உள்ளதாக. கீழே விரிக்க ஒரு மெத்தென்ற துணி. இவ்வளவுதான்.

விளக்கு ஏன் முக்கியம்? டியூப் லைட்டிலும் ஜன்னல் வெளிச்சத்திலும் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் மெல்லிய கீறல்கள் கண்ணுக்கே படாது. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் காசைச் சாய்த்தால் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக மின்னும்.

லூப் முப்பது மடங்கு வேண்டாம். அதில் நல்ல காசும் மோசமாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகிவிடும்.

இதோடு ஒரு விலைப்பட்டியல் நூல். லண்டனில் இருக்கும் ஸ்பிங்க் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலின் எண்களைத்தான் வியாபாரிகளும் ஏலக்காரர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். போன வருடத்துப் பிரதி போதும், காசுகளின் எண்ணும் வகைப் பிரிவும் அதில் இருக்கும். விலைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது, அதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

4. அடையாளம்: தலை, ஆண்டு, உலோகம், சின்ன எழுத்து

இந்த நான்கையும் இதே வரிசையில் பாருங்கள். தலையைப் பார்த்தாலே ஆண்டு எந்த எல்லைக்குள் இருக்க முடியும் என்று தெரிந்துவிடும், அதற்கு வெளியே ஆண்டு இருந்தால் அங்கேயே நின்று யோசிக்கலாம்.

விக்டோரியாவின் வெள்ளியில் இளம் தலை 1838 முதல் 1887 வரை. உச்சியில் குட்டிக் கிரீடம் வைத்த ஜூபிலி தலை 1887 முதல் 1893 வரை. முக்காடு போட்ட முதிய தலை 1893 முதல் 1901 வரை. வெண்கலத்தில் கணக்கு வேறு. கூந்தலைக் கொண்டையாக முடிந்த பன் ஹெட் 1860 முதல் 1894 வரை, அதன் பிறகு நேராக முக்காட்டுத் தலைதான். வெண்கலத்தில் ஜூபிலி தலை வந்ததே இல்லை, அப்படி ஒரு பென்னி இருக்கிறது என்று யாராவது விற்றால் அவருக்குப் பொருள் தெரியவில்லை.

பட்டங்களும் உதவும். இந்தியாவின் பேரரசி என்பதற்கான 'இண்ட் இம்ப்' என்ற லத்தீன் சுருக்கம் முக்காட்டுத் தலையோடு 1893இல் வெள்ளியிலும் தங்கத்திலும் வந்தது, பென்னியில் 1895இல். இந்தியா விடுதலை பெற்ற பிறகு 1949 காசுகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். தேய்ந்துபோன ஆறாம் ஜார்ஜ் காசில் ஆண்டு சரியாகத் தெரியாவிட்டாலும் இந்தச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்து முன்பா பின்பா என்று சொல்லிவிடலாம்.

விக்டோரியாவின் காதிக் ஃப்ளோரினில் ஆண்டு ரோமன் எண்ணில், அதுவும் பழைய காதிக் எழுத்தில் தலையைச் சுற்றி வரும் வாசகத்தின் கடைசியில் இருக்கும். ஆண்டே இல்லை என்று நினைத்துப் பலர் அதைக் கடந்து போகிறார்கள்.

உலோகத்துக்கு இரண்டு ஆண்டுகளை நினைவில் வையுங்கள், 1920, 1947. 1919 வரை வெள்ளிக் காசில் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். 1919 அரை கிரவுனில் சுமார் 13 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது, 1920இல் 7 கிராம், 1947இல் சுழியம். அளவும் எடையும் ஒன்றேதான் என்பதால் ஆண்டைப் பார்க்காமல் "வெள்ளிக் காசு" என்று கட்டாக வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாகச் சின்ன எழுத்து. 1912, 1918, 1919 பென்னிகளில் ஆண்டுக்கு இடப்பக்கம் 'எச்' என்ற சிறு எழுத்து இருந்தால் அது பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1918, 1919இல் 'கே என்' இருந்தால் கிங்ஸ் நார்ட்டன். தேய்ந்த தரத்தில் பெரிய விலை இல்லை, நல்ல தரத்தில் கே என் கிடைப்பது கஷ்டம். கிரவுன் என்றால் விளிம்பையும் படிக்க வேண்டும். 1893 முதல் 1900 வரையிலான கிரவுன்களின் விளிம்பில் ராணியின் ஆட்சி ஆண்டு ரோமன் எண்ணில் பொறித்திருக்கும், ஒரே ஆண்டுக் காசிலும் இரண்டு விதமான விளிம்பு வரும், விலையும் மாறும்.

5. தரம் பார்ப்பது

அவசரப்படக் கூடாத பகுதி இது.

பிரிட்டிஷ் தரவரிசையில் அன்றாடம் புழங்குவது நான்கு சொற்கள். ஃபைன் என்றால் நன்றாகப் புழங்கிய காசு, முக்கிய உருவங்கள் தெளிவு, நுண்கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன. வெரி ஃபைன் என்றால் கூந்தல் இழைகள் பிரிந்து தெரியும், மேடான இடங்கள் மட்டும் தட்டை. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றால் மிக உயர்ந்த ஓரிரு புள்ளிகளில் லேசான உரசல் மட்டும். அன்சர்குலேட்டட் என்றால் தேய்மானமே இல்லை, ஆனால் ஆலையில் மூட்டைக்குள் ஒன்றோடொன்று இடித்த தழும்புகள் இருக்கலாம். இவற்றின் முன்னால் 'குட்', 'நியர்லி' என்று சேர்த்து இடைத்தரம் சொல்வார்கள். எஃப்.டி.சி. என்பது குறையே இல்லாதது, பெரும்பாலும் ப்ரூஃப் காசுகளுக்குத்தான் (புழக்கத்துக்கு அல்லாமல் தனிக் கவனத்தோடு அடித்தவை) பொருந்தும், சாதாரணக் காசுக்கு ஒருவர் அதைப் போட்டால் சந்தேகப்படுங்கள்.

சொற்களின் பொருள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கர்கள் 70 புள்ளி அளவுகோலில் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று 40, 45 புள்ளிக்குச் சொல்வது லண்டன் வியாபாரியின் அதே சொல்லைவிடத் தளர்வானது. அமெரிக்க விற்பனையாளரிடம் வாங்கும்போது ஒரு படி இறக்கியே மனதில் கணக்குப் போடுங்கள்.

பார்க்கும் முறை இப்படி. காசை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழே வைத்து, முதலில் வெறும் கண்ணால் முழுக் காசையும் பாருங்கள். பிறகு மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புதிய காசில் ஒளி, சக்கரத்தின் ஆரங்கள் சுழல்வதுபோல வட்டமாக ஓடும், எங்கும் தடைபடாது. தேய்ந்த இடத்தில் அந்த ஓட்டம் அறுந்து, அங்கே மட்டும் மங்கலான ஒரு திட்டு நிற்கும். அந்தத் திட்டு எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் தரம். லூப்பை அதற்குப் பிறகு எடுங்கள். லூப்பில் தொடங்கினால் ஒவ்வொரு பொட்டும் பெரிதாகத் தெரிந்து மொத்தக் காசைப் பற்றிய கணிப்பு குலைந்துவிடும்.

பன் ஹெட் பென்னியில் முதலில் பார்க்க வேண்டியது காதுக்கு மேல் உள்ள கூந்தல். ஃபைனில் அது ஒரே கட்டியாக, நாலைந்து கோடுகளோடு இருக்கும். வெரி ஃபைனில் இழைகள் பிரியும், காதுக்கு நேர் மேலே மட்டும் மழுங்கியிருக்கும். எக்ஸ்ட்ரீம்லி ஃபைனில் அந்த மழுங்கலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பினால் பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண் உருவமான பிரிட்டானியாவின் மார்பு மடிப்பு, முழங்கால், தலைக்கவசம். முக்காட்டுத் தலையில் முக்காட்டின் மடிப்புகளும் புருவமும்.

ஐந்தாம் ஜார்ஜ் பென்னியில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 1911 முதல் அடித்த பென்னிகளில் மன்னரின் தலை மிகவும் மேடாக அமைந்தது. அச்சு அழுத்தும்போது உலோகம் அந்தப் பக்கத்துக்குப் போய்விட, பின்பக்கத்தில் பிரிட்டானியாவின் முகமும் மார்பும் சரியாக எழும்பாமல் போகும், சில காசுகளில் பிரிட்டானியாவைச் சுற்றி மன்னரின் தலை நிழலாகவே தெரியும். 1928இல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் இது தீர்ந்தது. ஆக, 1918 பென்னியில் பிரிட்டானியாவின் முகம் மொட்டையாக இருப்பதை வைத்து மட்டும் ஃபைன் என்று சொல்லிவிடக் கூடாது.

தேய்மானத்தையும் அச்சுக் குறையையும் பிரிப்பது எப்படி? தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும், சுற்றியுள்ள நிறத்திலிருந்து மாறியிருக்கும். அச்சு எழும்பாத இடத்தில் உருவம் இருக்காது, ஆனால் காசின் மற்ற பகுதியில் உள்ள அதே நிறமும் மெல்லிய சொரசொரப்பும் அங்கேயும் தொடரும். இப்படிப்பட்ட காசுக்கு முன்பக்கத்தை வைத்துத் தரம் சொல்லுங்கள், காதுக்கு மேல் முடியும் மீசையும் போதும். அச்சு மோசம் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதே ஆண்டில் நன்றாக எழும்பிய காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே தரம் எழுதுங்கள். விலையைக் கணக்கிடும்போது மோசமான பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் நல்ல பக்கத்தைத்தான் படம் எடுத்துப் போடுவார்.

நிறத்தை வைத்து ஏமாற வேண்டாம். 1897 முதல் முதல் உலகப் போர்க் காலம் வரை ஃபார்த்திங்கை ஆலையிலேயே கறுப்பாக்கி வெளியிட்டார்கள், அரை சவரனோடு அளவில் ஒத்துப்போனதால். 1944, 1945, 1946 பென்னிகளையும் ஆலையில் கருமையாக்கினார்கள். இவற்றில் கறுப்பு ஒரு குறையே இல்லை. மாறாக, சிவந்து பளபளக்கும் 1900 ஃபார்த்திங் கண்ணில் பட்டால் யாரோ அதன் கறுப்பைத் துடைத்திருக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. 1902 ப்ரூஃப் காசுகளும் இப்படித்தான், கண்ணாடி போல மின்னாமல் மட்டாக இருக்கும்படி செய்தவை, பார்த்தால் மந்தமாக இருக்கும்.

6. துடைத்த காசு, நகையான காசு

துடைத்த காசுக்குத் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் விலை இறங்கிவிடும், ஏனென்றால் மேற்பரப்பு போனால் திரும்ப வராது. அடையாளங்கள் இவை. விளக்கில் சாய்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல் கூட்டம். எழுத்துகளின் மூலைகளில் வெள்ளைப் பொடி, இது உலோக மெருகுப் பசையின் மிச்சம். வெண்கலத்தில் இயற்கைக்கு மாறான இளஞ்சிவப்பு. வெள்ளியில் ஒளி சுழலாத, சுண்ணாம்பு போன்ற வெறும் வெண்மை, இது ரசாயனத்தில் முக்கியெடுத்தது.

நீங்களும் துடைக்காதீர்கள். எலுமிச்சை, புளி, பற்பசை, திருநீறு, எதுவும் வேண்டாம். வீட்டில் பித்தளைக்குச் செய்வதைக் காசுக்குச் செய்துவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம், கெட்டுப்போன நல்ல காசுகளை நான் பார்த்தது பெரும்பாலும் இப்படித்தான். பிளாஸ்டிக் உறையின் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் போட்டு எடுக்கலாம், தேய்க்காமல், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல்.

விக்டோரியா காலத்துக் காசுகளை ப்ரூச்சாகவும் பதக்கமாகவும் அணிந்தார்கள். அதைக் கழற்றி விற்கும்போது விளிம்பில் பற்றுவைத்த தடம் இருக்கும். பன்னிரண்டு மணி இடத்திலும் பின்பக்க ஓரங்களிலும் லூப் வைத்துப் பாருங்கள். விளிம்பைப் படம் எடுத்துப் போடாத விற்பனையாளரிடம் விளிம்புப் படம் கேளுங்கள்.

7. போலி

முதல் சோதனை எடை. தேய்ந்த காசு எடை குறைவது இயல்பு. ஆனால் கூர்மையாக, தேயாமல் இருக்கும் காசு எடை குறைந்தால், அல்லது எந்தக் காசானாலும் எடை கூடினால், அது தவறு. எடையைத் தரத்தோடு சேர்த்துப் படிப்பதுதான் இங்கே நுணுக்கம், எடையை மட்டும் தனியாகப் பார்த்து முடிவு செய்பவர்கள் நல்ல காசையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அடுத்து காந்தம். வெள்ளி, தங்கம், வெண்கலம் எதுவும் ஒட்டாது. ஒட்டினால் முடிந்தது. ஒட்டவில்லை என்பதால் மட்டும் உண்மையானது என்று ஆகிவிடாது.

மூன்றாவது விளிம்பு. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு, அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் தெரியும். மேற்பரப்பில் ஊசி முனை அளவு குமிழிக் குழிகள் இருக்கும்.

எந்தக் காசுகளில் போலி அதிகம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். 1905 அரை கிரவுன் 1,66,008 மட்டுமே அடிக்கப்பட்டது, அதற்குப் போலிகள் சுற்றுகின்றன. 1847 காதிக் கிரவுனுக்கும் உண்டு. 1933 பென்னி என்று காட்டப்படுவது கடைசி எண்ணை மாற்றிய வேறு ஆண்டுப் பென்னியாகவோ நினைவுப்பொருள் நகலாகவோ இருக்கும். கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளத்தில் சுரண்டல் தெரிகிறதா, அதன் உயரம் மற்ற மூன்று எண்களோடு ஒத்துப்போகிறதா என்று லூப்பில் பாருங்கள்.

முலாம் பூசிய 1887 சிக்ஸ்பென்ஸ் தனி வகை. அந்த ஆண்டின் முதல் சிக்ஸ்பென்ஸ் அரை சவரனைப் போலவே இருந்தது, மதிப்பும் எழுதவில்லை, மக்கள் தங்க முலாம் பூசிப் பத்து ஷில்லிங்காகச் செலவழித்தார்கள், உடனே வடிவத்தை மாற்றினார்கள். இன்றும் முலாமோடு வரும். 2.83 கிராமா 3.99 கிராமா என்று தராசு ஒரு நொடியில் சொல்லிவிடும்.

சவரனில் விஷயம் வேறு. லெபனானில் முன்பு அடித்த போலிகளில் தங்கமே சரியாக இருக்கும், ஆகவே உரைகல்லும் காரட் சோதனையும் போதாது, எழுத்துகளின் கூர்மையைப் பார்க்க வேண்டும். சவரன் பல நாடுகளில் அடிக்கப்பட்டது, லண்டனுக்கு வெளியே அடித்த பல சவரன்களில் பின்பக்கத் தரைக்கோட்டில் ஆண்டுக்கு மேலே ஆலை எழுத்து இருக்கும். பம்பாயில் 1918இல் மட்டும் 'ஐ' என்ற எழுத்தோடு அடித்தார்கள். நம் ஊரில் நகைக்கடைக்காரர் சவரன் என்று எட்டு கிராம் கணக்குப் போடுவார், இந்தக் காசு 7.98 கிராம், 22 காரட். பழைய சவரனை நகைக்கடையில் எடைக்குப் போடும் முன் ஆண்டையும் எழுத்தையும் பார்த்துவிடுங்கள்.

8. விலை

பட்டியல் நூலில் இருப்பது, அந்தத் தரத்தில் குறையில்லாத காசை வியாபாரி கடையில் விற்கும் விலை. உங்கள் காசில் கீறல் இருந்தால் அந்த விலை அல்ல, நீங்கள் விற்கப் போனாலும் அந்த விலை அல்ல.

நடப்பு விலைக்கு இரண்டு இடம் பாருங்கள். ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பட்டியல்கள் ஒன்று. ஈபேயில் விற்று முடிந்தவை என்ற வடிகட்டி இன்னொன்று. இன்னும் விற்காமல் கிடக்கும் பொருளின் விலை ஒருவரின் ஆசை மட்டுமே, அதைக் காட்டி யாரும் பேரம் பேச முடியாது.

ஏலத்தில் சுத்தியல் விலையோடு முடிவதில்லை. 100 பவுண்டுக்கு விழுந்தது, வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 120. கமிஷன் மேல் 20 சதவீத வாட் வரி 4 பவுண்டு, ஆக 124. தபால், காப்பீடு தனி. மனதில் 100 என்று எல்லை வைத்திருந்தால் ஏலத்தில் 80இல் கையை இறக்கிவிட வேண்டும். இதைத் தலைகீழாகக் கணக்கிட்டு, ஏலம் தொடங்கும் முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக் காசில் உலோக விலை அடித்தளமாக இருக்கும். தேய்ந்த 1918 அரை கிரவுனுக்கு 13 கிராம் வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகக் கொடுக்க வேண்டியதில்லை, ஆண்டு அரிதாக இருந்தால் தவிர. நல்ல தரத்துக்கு வரும்போதுதான் உலோக விலைக்குச் சம்பந்தமே இல்லாமல் போகும், வெரி ஃபைனுக்கும் எக்ஸ்ட்ரீம்லி ஃபைனுக்கும் இடையே விலை பல மடங்கு தாவும். ஐந்து ஃபைன் காசுகளுக்கான பணத்தில் ஒரு நல்ல எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் காசு வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஃபைன் காசுகள் எப்போதும் கிடைக்கும், வாங்க ஆள்தான் இருக்காது.

9. எங்கே, எப்படி வாங்குவது

முதல் சில காசுகளைத் தரம் சொல்லி விற்கும் வியாபாரியிடம் வாங்குங்கள், பிரிட்டிஷ் நாணய வியாபாரிகள் சங்கமான பி.என்.டி.ஏ. உறுப்பினராக இருந்தால் நல்லது. விலை கொஞ்சம் கூடும். ஆனால் "இதுதான் வெரி ஃபைன்" என்று ஒருவர் பெயர் போட்டுக் கொடுத்த காசு உங்கள் கையில் அளவுகோலாக இருக்கும், இனி பார்க்கும் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடலாம்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் நாணயச் சந்தைக்குப் போங்கள். லண்டன், பர்மிங்காம், யார்க் நகரங்களில் நடக்கின்றன. காசை எடுக்கும் முன் "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள், விளிம்பில் பிடியுங்கள், மேசைக்கு மேலேயே வைத்துப் பாருங்கள். இதைச் சரியாகச் செய்பவருக்கு வியாபாரி அடுத்த தட்டையும் எடுத்துக் காட்டுவார்.

ஏலத்துக்கு அப்புறம் வாருங்கள். ஸ்பிங்க், நூனன்ஸ் போன்ற லண்டன் நிறுவனங்களின் பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் நீங்களே தரம் எழுதி, பிறகு அவர்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு கை தூக்குங்கள்.

ஈபேயில் வாங்கினால் இரு பக்கமும் விளிம்பும் தெளிவான படம், எடை, திருப்பி அனுப்பும் வசதி, இந்த மூன்றும் இல்லாமல் வேண்டாம். "பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடைத்தது, எனக்குக் காசு பற்றித் தெரியாது" என்ற வகை விவரிப்புக்கு ஒரு பைசா மதிப்பும் கொடுக்காதீர்கள். காசு மட்டும் பேசட்டும்.

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் தரம் போட்டுப் பிளாஸ்டிக்கில் அடைத்த காசு என்றால் சான்று எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். போலி உறைகளும் வருகின்றன, ஆகவே அங்குள்ள படத்தில் இருக்கும் காசும் இதுவும் ஒன்றுதானா என்று கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும். விலை குறைந்த பென்னிகளுக்கு இந்த உறை தேவையே இல்லை, உறைக்கான கட்டணம் காசைவிட அதிகமாகிவிடும்.

10. கைக்கு வந்த பிறகு

வந்த அன்றே எடை, அளவு எடுங்கள், இரு பக்கமும் படம் எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தரத்தை நீங்களே மறுபடி பாருங்கள். குறிப்பேட்டில் ஆண்டு, வகை, உங்கள் தரம், விற்றவர் சொன்ன தரம், விலை, தேதி, வாங்கிய இடம். விற்றவர் தரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம், சில காசுகளுக்குப் பிறகு யார் எப்போதும் ஒரு படி ஏற்றிச் சொல்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மென்மையான பி.வி.சி. ஆல்பம் வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறை மலிவு, பாதுகாப்பு. மரப்பெட்டி என்றால் மஹோகனியில் வாங்குங்கள். ஓக் வேண்டாம், அது வெளியிடும் அமில ஆவி காசை அரிக்கும். வெள்ளிக் காசுகளை ரப்பர் பேண்டில் கட்டி வைத்தால் அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு போட்டுவிடும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம், வெண்கலத்தில் பச்சைக் களிம்பு வருவது ஈரத்தால்தான்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்கவரி தபால் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும் என்பதைக் கணக்கில் வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்றும் உண்டு. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டத்தின்படி தொல்பொருள், தனிநபர் அதை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கிக்கொள்ளலாம், பிறகு லண்டன் ஏலத்தில் விற்கலாம் என்ற திட்டத்தோடு விக்டோரியா காசுகளை இந்தியாவுக்கு வரவழைக்காதீர்கள். சான்று வேண்டிய காசானால், ஏற்கெனவே சான்றோடு இருப்பதையே வாங்குங்கள்.